விதைத் தொட்டியைத் தொட்டவள்

பாசி எண்ணெய் மாத்திரைக் குப்பிகளின் மேல் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். பல் பளபளக்கும், தலைமுடி காற்றில் பறக்கும், முகத்தில் ஒரு சோர்வு இருக்காது. அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். போன மாதம் அந்த மாத்திரையை விற்கும் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் சிலர் உத்திரமேரூரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்து, அப்படி ஒரு குப்பியை என் கையில் திணித்தார்கள். "மேடம், நீங்க அந்தக் காலத்துலயே சுருள்பாசி யூனிட்ல சூப்பர்வைசரா இருந்தீங்களாமே? பாசியில இருக்கிற நல்ல கொழுப்பு பெண்களுக்கு எப்படி உதவுதுன்னு ஒரு கூட்டம் வெச்சிருக்கோம். உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க" என்றார்கள். புறப்படும்போது அவர்களில் ஒருத்தி வாசலில் திரும்பி நின்று, "நல்லதா எழுதுங்க மேடம்" என்று வேறு சொன்னாள்.

நல்லதாக எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் குறைவில்லை. அந்தப் பாசி என் குடும்பத்துக்குச் சோறு போட்டது. அது நல்ல பொருள்தான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் அந்த நல்ல பொருளைப் பற்றிய ஒரு நல்ல வார்த்தை, ஒரு பெண்ணைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய் விட்டதையும் பார்த்தவள் நான். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்கு வராது.

தாவரவியல் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். ஒரு தொண்டு நிறுவனம் வேலைக்கு எடுத்து, வெளியூரில் சில வாரம் பயிற்சி கொடுத்து அனுப்பியது. புக்கத்துறை போகிற சாலையில், வயல்களுக்கு நடுவில், ஸ்பைருலினா என்கிற சுருள்பாசியை வளர்க்கும் எங்கள் யூனிட். கீற்றுக் கொட்டகை ஒன்று, ஓட்டுக் கட்டடம் ஒன்று, ஆழமில்லாத நீளமான சிமெண்ட் தொட்டிகள். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே போனவள், அடுத்த பத்தாண்டின் பெரும்பகுதியை அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்தே கழித்தேன்.

யூனிட்டின் பொறுப்பாளர் வரதன் சார். கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒல்லி, வெள்ளை அரைக்கைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது முடியும் வரை யாரும் மூச்சு விட மாட்டோம். ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு விலகிப் போகிறவர் இல்லை. முதலில் தானே செய்வார், பிறகு நம்மைச் செய்யச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இன்னும் எனக்குக் கைப்பழக்கமாகவே இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்பே அறுவடை. தொட்டித் தண்ணீரை நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டினால் பச்சைக் களிம்பு தங்கும். தொட்டித் தண்ணீரில் கலந்திருக்கும் சோடா உப்பின் காரம் போகும் வரை அதை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். துணியோடு மூட்டை கட்டிக் கல் வைத்து நீரை இறுத்தபின், இடியாப்பம் பிழிகிற மாதிரி அச்சில் போட்டுத் தட்டுகளில் பிழிவோம். அதற்கப்புறம்தான் சாரின் கண்டிப்பே ஆரம்பிக்கும். தட்டு ஒன்றுகூட வெயிலில் இருக்கக் கூடாது. நிழலில், காற்றோட்டத்தில், மேலே கறுப்புத் துணி கட்டி உலர்த்த வேண்டும். "புரதம் தாங்கிக்கும்மா. அந்தக் கொழுப்பு தாங்காது. வெயிலும் சூடும் பட்டா கெட்டுப் போயிடும்" என்பார்.

உலர்ந்த இழையை ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும். உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார். பழைய எண்ணெய் வாடை லேசாக வந்தாலும் அந்தத் தட்டு முழுவதும் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். வாடை சரியாக இருந்தால், எல்லோரும் பார்க்க ஒரு சிட்டிகை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று விழுங்குவார். அவர் விழுங்காத பாசி எங்கள் யூனிட்டை விட்டு வெளியே போனதில்லை.

அந்தக் கொழுப்புக்குக் காமா லினோலெனிக் அமிலம் என்று பெயர். ஒருநாள் கொட்டகையில் கரும்பலகையை மாட்டி, வேலை செய்யும் பெண்களை உட்கார வைத்து அதைப் பற்றிப் பேசினார். தாய்ப்பாலிலும் அது கொஞ்சம் உண்டு என்றார். உடம்பு அதை எடுத்து, வீக்கத்தையும் வலியையும் தணிக்கிற பொருள்களைச் செய்துகொள்ளும் என்றார். "இதுல இருக்கிறது நல்ல கொழுப்பு. பெண்களுக்கு ரொம்ப நல்லது" என்று அவர் முடித்ததும் தனம் எழுந்தாள். வாயாடி. அவள் வைத்ததுதான் அந்தப் பெண்களிடையே சட்டம்.

"இன்னா சார், எங்க மாமியாக்காரி ஏற்கெனவே எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சொல்லிக்கினு கீறா. நீங்க வேற இன்னும் ஏத்தப் பாக்கறீங்களே!"

கொட்டகையே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் இன்னொருத்தி, "பொம்பளைங்களுக்கு நல்லதுன்னா, எதுக்கு சார் நல்லது?" என்று கேட்டாள். சாரின் முகம் சிவந்துபோனது. "அதாவது... மாசா மாசம்... அந்த நாட்கள்ல வர்ற சிரமங்களுக்கு..." என்று இழுத்தார். வயிற்று வலி, மார்பில் கனம், காரணமில்லாத எரிச்சல் என்று சொல்லியிருக்கலாம். சிலருக்கு உதவலாம், சிலருக்கு ஒன்றும் செய்யாமலும் போகலாம், இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கலாம். என்னிடம் அதையெல்லாம் மணிக்கணக்கில் விளக்கியிருக்கிறார். அந்தப் பெண்களுக்கு முன்னால் நாக்கு எழவில்லை. "எல்லாத்துக்கும் நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவு கூச்சம் அவருக்கு. அந்தக் கூச்சத்தால்தான் இன்னொரு பழக்கமும் யூனிட்டில் நிலைத்தது. மாதவிலக்கான பெண் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெட்டுப் போகும் என்பார்களே, அதே பேச்சு இங்கே பாசிக்கு வந்திருந்தது. "தூரமானவ நெயல் பட்டாலே பாசி செத்துப்பூடும்" என்பாள் தனம். அந்த நாட்களில் அவர்கள் வேலிக்கு ஓரம் இருந்த புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். வேலை இல்லை, ஆகவே கூலியும் இல்லை. சார் அதை ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார். "அவங்களுக்கும் ஓய்வுதானே விமலா" என்று என்னிடம் சொன்னார். கூலி இல்லாத ஓய்வு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் எல்லா நாளும் எல்லாத் தொட்டியிலும் கையை விட்டுக்கொண்டுதான் இருந்தேன். வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்ப்பதுதான் என் காலை வேலை. ஒரு தொட்டியும் சாகவில்லை. அதைத் தனத்திடம் வாய்விட்டே சொன்னேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க படிச்சவங்கக்கா. உங்களுக்கு அதெல்லாம் ஒட்டாது" என்றாள். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் என்ன செய்ய?

அந்தக் கூட்டத்தில் மரத்தடிக்கே போகாதவள் ஒருத்தி உண்டு. கன்னியம்மா. ஏரிக்கரைக்கு அப்பால் இருந்த இருளர் குடியிருப்பிலிருந்து வருவாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் செங்கல் சூளைக்குப் போனால் மாதக்கணக்கில் வர மாட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். பேச்சு குறைவு. தண்ணீரைக் கலக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பாசி அடியில் தங்காமல், இழை அறுந்துபோகாமல், ஒரே சீராகத் துடுப்பைத் தள்ளிக்கொண்டு போவாள். வெளியூரிலிருந்து யார் பார்க்க வந்தாலும் சார் அவளைத்தான் கலக்கிக் காட்டச் சொல்வார்.

"அவளுக்கு மட்டும் வர்றதே இல்லையா?" என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அந்தப் பேச்சு காதில் விழாத மாதிரி இருந்தாள். நாளாக நாளாக ஆளே வெளுத்தாள். உதடு சாம்பல் பூத்தது. கொட்டகைக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வாள். "இன்னா ஆச்சு கன்னியம்மா? ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா" என்று நான் கூப்பிட்டபோதெல்லாம், "ஒண்ணும் இல்லக்கா. தலை சுத்தல்தான். பாசி துன்னுக்கினுதான் கீறேன், சரியாப்பூடும்" என்பாள். தட்டில் உதிர்ந்து கிடக்கும் தூளைக் கூட்டி வழித்து வாயில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். உதிர்ந்த தூளை யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சார் அனுமதித்திருந்தார். ரத்தசோகை என்று நான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் அது இல்லாத பெண் யார்?

யூனிட்டில் ஒரு சின்னத் தொட்டி தனியாக, கீற்றுக் கொட்டகைக்குள் இருந்தது. அதுதான் விதைத் தொட்டி. மற்ற தொட்டிகளுக்கெல்லாம் தாய் அது. மழையிலோ வேறு பூச்சி பாசி கலந்தோ ஒரு பெரிய தொட்டி கெட்டுப்போனால், இதிலிருந்து மொண்டு ஊற்றித்தான் புதிதாகத் தொடங்க முடியும். அதைக் கலக்கும் பொறுப்பைச் சார் கன்னியம்மாவிடம் கொடுத்திருந்தார்.

ஒரு நாள் பிற்பகல் தனம் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். விதைத் தொட்டியின் விளிம்பில், கன்னியம்மா உட்கார்ந்து எழுந்த இடத்தில், ரத்தம். தரையிலும் சொட்டு. கன்னியம்மா சேலையை இழுத்துச் சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்றாள். "தூரத்தோட வந்து தாய்த் தொட்டியத் தொட்டுட்டா பாருங்க! இத்தினி நாளும் இப்பிடித்தான் நம்மள ஏமாத்திக்கினு இருந்திருக்கா!" என்று தனம் கத்தினாள். எல்லோரும் கூடிவிட்டார்கள். சார் அன்று காஞ்சிபுரம் போயிருந்தார். சத்தம் போட்டு மற்றவர்களை அடக்கி, கன்னியம்மாவை அவள் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். துணைக்கு வருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து போனாள்.

மறுநாள் காலையில் விதைத் தொட்டி செத்துக் கிடந்தது.

அப்படித்தான் சொல்ல வேண்டும். கரும்பச்சையாக இருந்த தண்ணீர் மஞ்சளும் பழுப்புமாகக் குழம்பி, மேலே நுரை கட்டியிருந்தது. இழைகள் திப்பி திப்பியாகி அடியில் படிந்திருந்தன. பெண்கள் யாரும் உள்ளே வரவில்லை. "பாத்தியா? நான் சொல்லல?" என்று தனம் ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கன்னியம்மாவும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். அவளை வாசலிலேயே மறித்துவிட்டார்கள்.

"அவ உள்ள வந்தா நாங்க யாரும் வேலைக்கு வர மாட்டோம்க்கா. எங்க பொயப்புல மண்ணள்ளிப் போட்டுட்டா. தாயே செத்துப்பூச்சி, இனிமே யூனிட்டையே மூடிடுவாங்க" என்று தனம் சொன்னாள். அவள் குரலில் இருந்தது வெறும் வாயாடித்தனம் இல்லை. நிஜமான பயம். அந்தக் கூலியை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

வரதன் சார் வந்தார். யாரையும் ஒன்றும் கேட்காமல் நேராக விதைத் தொட்டிக்குப் போய்க் குனிந்தார். மூக்கைச் சுருக்கினார். நானும் குனிந்தேன். மாட்டுத் தொழுவ நாற்றம் கண்ணில் எரிந்தது. அவர் தன் வழக்கப்படி விரலை முக்கி நாக்கில் வைத்துவிட்டார்! சட்டென்று துப்பினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைக்க ஆரம்பித்தார். வெகு நேரம் துடைத்தார்.

"இதுல கோமியம் ஊத்தினது யார்?"

தனம் தலையை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். "நான்தான் சார். நேத்து சாயங்காலம் ஊத்தினேன். தீட்டு பட்ட எடத்தச் சுத்தம் பண்ண வாணாமா? எப்பவும் தெளிக்கிறதுதான். இது தாய்த் தொட்டியாச்சே, தெளிச்சா பத்தாதுன்னு குடத்தோட ஊத்தினேன். மஞ்சத்தண்ணியும் ஊத்தினேன். நல்லதுக்குத்தான் சார் பண்ணேன்."

அவள் பொய் சொல்லவில்லை. பாசியைக் காப்பாற்றத்தான் ஊற்றியிருக்கிறாள். சோடா உப்புத் தண்ணீரில் குடம் கோமியம் விழுந்தால் அம்மோனியா கிளம்பும், அந்தச் சின்னத் தொட்டியில் பாசி தாங்காது என்று அவளுக்கு யார் சொன்னது? சார் அதைப் பொறுமையாக விளக்கினார். தனம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி சார். நான் ஊத்தினதாலதான் செத்துச்சின்னே வெச்சிக்குங்க. அவ தொடாம இருந்திருந்தா நான் ஏன் ஊத்தப் போறேன்?" என்றாள். மற்றவர்கள் "அதானே" என்றார்கள்.

சார் வாசலைப் பார்த்தார். கன்னியம்மா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காலையில் கட்டி வந்த சேலையும் நனைந்திருந்தது. அவர் அவளைப் பார்த்த பார்வை மாறியதை நான் கவனித்தேன். தொட்டியை அப்படியே விட்டுவிட்டு அவளிடம் போனார்.

"கன்னியம்மா, உனக்கு எத்தனை நாளா ரத்தம் போகுது?"

இத்தனை வருஷமும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூசியவர், அத்தனை பெண்களுக்கு நடுவில் நின்று கேட்டார். எங்களில் ஒருத்திக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. தீட்டு, தூரம் என்று முந்தின நாளிலிருந்து கத்திக்கொண்டிருந்தோமே தவிர, அது எத்தனை நாளாக என்று ஒருத்தி கேட்டாளா?

"எத்தினி நாளுன்னு இன்னா சார் சொல்றது? போன நெல்லறுப்புல இருந்து நிக்கவே இல்ல" என்றாள் கன்னியம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. "மரத்தடியில போயி குந்தினா மாசம் பூரா குந்தணும். பசங்களுக்கு யாரு சோறு போடறது? அதான் சொல்லல. நீங்கதான் சொன்னீங்களே சார், பாசி எல்லாத்துக்கும் நல்லதுன்னு. தெனம் துன்னுக்கினுதான் கீறேன். இன்னும் நிக்கல. இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா துன்னணுமா சார்?"

சார் அவளைப் பிடிக்கக் கையை நீட்டினார். அதற்குள் கன்னியம்மா கம்பத்தோடு சரிந்து கீழே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாள்.

பாசி மூட்டை ஏற்ற வந்திருந்த டெம்போவில் அவளைக் கிடத்தினோம். என் மடியில் தலை. கை கால் ஜில்லென்று இருந்தது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நிற்காமல் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? கர்ப்பப்பையில கட்டி. உடம்புல ரத்தமே இல்ல. உடனே ஏத்தணும், ஏத்தினாத்தான் கத்தி வைக்க முடியும். அதுக்கு முன்னாலயே போனாலும் போயிடும். ரத்தம் குடுக்க ஆள் கொண்டு வாங்க."

நான் கொடுத்தேன். சாருக்கு வயதாகிவிட்டது என்று மறுத்தார்கள். அவர் அந்த நர்ஸிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "என் வார்த்தையை நம்பித்தான் இந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு வராம இருந்திருக்காம்மா. என்னால முடிஞ்சதை எடுத்துக்குங்க" என்று அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நர்ஸ் அவர் தோளைத் தட்டி உட்கார வைத்துவிட்டு, வேறு ஆள் வேண்டும் என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் தனம் வந்தாள். கூட மூன்று பேர். வார்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாளே தவிர, காலை எடுத்து வைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க ரத்தத்த எடுத்துக்கச் சொல்லுக்கா" என்றாள். அழைத்துப் போனேன். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார்கள். தனத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட வந்த மூன்று பேரில் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள்.

வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் தனம். வெகு நேரம் தன் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னாண்ட எடுக்க ரத்தமே இல்லியாம்க்கா. எனக்கே ஏத்தணுமாம்" என்றாள். பிறகு தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அழுதாள். பாசிப் பொட்டலம் போட்டு ஊர் ஊராகப் பெண்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த யூனிட்டில் வேலை செய்தவர்கள் இவர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் யார் மேல் பாய்வது என்று தெரியவில்லை.

பிறகு ஆள் கிடைத்தது. சாரின் பழைய மாணவர்கள் சிலர் வந்து கொடுத்தார்கள். கன்னியம்மாவின் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். சூளையிலிருந்து கணவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவளைக் கூட்டிப் போவதற்கு முன் அவன் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அதற்கப்புறம் சார் செய்தவற்றை இந்தக் காலத்துப் பெண்களுக்கு நான் சொல்லியாக வேண்டும். கரும்பலகையை மறுபடியும் மாட்டினார். "இது சாப்பாடு. மருந்து இல்லை. மாதவிலக்கு வலி சிலருக்குக் கொஞ்சம் குறையலாம். ரத்தம் அதிகமா போனா, நாள் கடந்து போனா, பாசி நிறுத்தாது. ஆஸ்பத்திரிதான்" என்று ஒவ்வொரு சொல்லையும் உடைத்து உடைத்துச் சொன்னார். காது சிவக்கத்தான் சொன்னார். ஆனாலும் நிறுத்தவில்லை. அடிக்கடி ஒரு டாக்டரம்மாவை வரவழைத்து எல்லோரையும் பரிசோதிக்கச் செய்தார். தனம் உட்பட எல்லோருக்கும் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, தன் கண் முன்னாலேயே விழுங்க வைத்தார். மரத்தடியில் உட்கார்ந்தாலும் கூலி உண்டு என்று அறிவித்தார். இனி யாரும் உட்கார வேண்டியதே இல்லை என்றும் சொன்னார்.

கூலி வாங்கிக்கொண்டார்கள். மரத்தடிக்குப் போவதை மட்டும் விடவில்லை. "கோமியத்தாலதான் செத்துச்சி, ஒத்துக்கறோம் சார். இருந்தாலும் எதுக்கு வம்பு?" என்றார்கள். வெளியூர் யூனிட்டிலிருந்து கேனில் வாங்கி வந்து புதிதாகப் போட்ட விதைத் தொட்டி. அதில் மறுபடியும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. சார் எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டிவிட்டு, அந்த நாள் வந்ததும் தாமாகவே எழுந்து மரத்தடிக்குப் போய்விடுவார்கள்.

சில மாதம் கழித்துக் கன்னியம்மா வேலைக்குத் திரும்பினாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசலில் அவளை மறித்த அதே பெண்கள் இப்போது கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார்கள். ஒருத்தி நாஷ்டா கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவர்களில் மூத்தவள் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "இனிமே விதைத் தொட்டிய இவளே பாத்துக்கட்டும்க்கா. நாங்கல்லாம் பேசிக்கினோம். இவளுக்குத்தான் இனிமே தூரம் கெடயாதே. எந்நாளும் சுத்தம்." அன்போடுதான் சொன்னாள்.

கன்னியம்மா கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் அத்தனை பேர் முன்னால் பேசி நான் கேட்டதில்லை.

"ரத்தம் கொட்டிக்கினு கெடந்தப்ப நான் தீட்டு. வயித்தக் கிழிச்சி எடுத்துப் போட்டப்பறம் சுத்தமா? ஒரு பொம்பள சுத்தமாவறதுக்கு அம்மாந்தூரம் போவணுமா? எனக்கு ரெண்டு பொண்ணு கீது. அதுங்களுக்கும் இந்தச் சுத்தந்தானா?"

கன்னியம்மா திரும்பி வேலியோரம் பார்த்தாள். அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தது தனம். நடந்ததையெல்லாம் அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ வரட்டும். இன்னிக்கு அவ கையால கலக்கினா நானும் கலக்கறேன். இல்லன்னா இந்தத் தொட்டி எனக்கு வாணாம்" என்றாள் கன்னியம்மா.

தனம் எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு மெதுவாகத்தான் வந்தாள். மற்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். தடுக்க ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. சார் கட்டடத்து வாசலில் வந்து நின்றவர், அங்கேயே நின்றுவிட்டார். விதைத் தொட்டியின் விளிம்புக்கு வந்ததும் தனத்தின் கால் நின்றுவிட்டது. வாயாடியான தனம், சட்டம் போடுகிற தனம், குழந்தை மாதிரிக் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் கன்னியம்மாவை "இந்தா" என்று கூப்பிட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

"பயமா கீதுக்கா" என்றாள். "செத்துப்பூட்டா?"

கன்னியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்தா பாசிதானடி சாவும். வேற வாங்கி ஊத்திக்கலாம்."

தனம் தண்ணீருக்குள் கையை விட்டாள்.